இரண்டும் ஆறு வாட், இரண்டும் ஒன்றா?

குறைந்த மின்சாரத்தில் இயங்கும் இரு கணிப்பொறிச் செயலிகளை ஒப்பிடும் முறை

சில மாதங்களுக்கு முன் நாம் பார்வையிடச் சென்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நிர்வாகக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அலுவலகக் கணக்குகளுக்காகச் சிறிய கணிப்பொறி ஒன்று வாங்குவது பற்றிய பொருள் விவாதத்துக்கு வந்தது. மேசைமீது இரண்டு விலைப்புள்ளிகள் இருந்தன. ஒன்றில் இன்டெல் கம்பெனியின் செலரான் என்-4020 என்னும் செயலியும், மற்றொன்றில் அதே கம்பெனியின் என்-100 என்னும் செயலியும் குறிக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் '6 வாட்' என்றே அச்சிடப்பட்டிருந்தது. முன்னதன் விலை குறைவு.

குழு உறுப்பினர் ஒருவர் நம்மைப் பார்த்து, "இரண்டும் ஆறு வாட் என்றால் சரக்கு ஒன்றுதானே? குறைந்த விலைக்காரரை விட்டுக் கூடுதல் விலைக்காரரிடம் வாங்கினால் தணிக்கையில் ஆட்சேபம் வராதா, ஐயா?" என்று வினவினார். அருகே அமர்ந்திருந்த முதியவர், ஐம்பதாண்டு தறியில் பழகியவர், மெல்லச் சொன்னார்: "அறுபதாம் நம்பர் நூல் என்று இரண்டு சிப்பத்திலும் எழுதியிருக்கும். தறியில் ஏற்றினால்தான் எந்த நூல் அறுகிறது என்பது தெரியும்."

உறுப்பினர் கேட்ட கேள்வி நியாயமானது. சங்கத்தின் பணம் அங்கத்தினர்களின் பணம். அதில் ஒரு ரூபாயும் வீணாகலாகாது. ஆனால் 'குறைந்த விலை' என்னும் விதி, ஒத்த தரமுள்ள பொருள்களுக்கிடையே மட்டுமே பொருந்தும். இவ்விரண்டும் ஒத்த தரமுள்ளவையா என்பதை முதலில் அறிய வேண்டும். அதை அறியும் வழியையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனியின் சரக்கையும் சிபாரிசு செய்வது நம் நோக்கமன்று. கையிலுள்ள இரு பெயர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, எவ்விரு செயலிகளையும் ஒப்பிடும் வகையைக் கற்றுக்கொள்வதே நோக்கம்.

1. ஆறு வாட் என்பதன் பொருள்

கணிப்பொறியில் கூட்டல், கழித்தல், தேடல், ஒப்பிடல் ஆகிய எல்லா வேலைகளையும் செய்யும் உறுப்புக்குச் செயலி என்று பெயர். கடைக்காரர்கள் பிராசசர் என்பது இதைத்தான். அது வேலை செய்யும்போது மின்சாரத்தை உண்டு வெப்பத்தை வெளியிடுகிறது.

செயலியின் விவரத்தாளில் காணும் '6 வாட்', அது எப்பொழுதும் உண்ணும் மின்சாரத்தின் அளவு அன்று. தயாரிப்பாளர் குறித்த நிலையில் செயலி நீடித்து உழைக்கும்போது எவ்வளவு வெப்பத்தை அகற்ற வேண்டும் என்பதைப் பெட்டி செய்பவருக்குச் சொல்லும் அளவு அது. சும்மா இருக்கும்போது செயலி அதைவிடக் குறைவாக உண்ணும். திடீரென்று கடின வேலை வரும்போது சிறிது நேரம் அதைவிட மிகுதியாகவும் உண்ணும். மேலும், கணிப்பொறியைச் செய்பவர் இந்த வரம்பைத் தம் விருப்பப்படி உயர்த்தி வைக்கவும் இடமுண்டு. என்-100 பொருத்திய சிறு பெட்டிகள் பலவற்றில் அவ்வாறு உயர்த்தியே வைக்கிறார்கள்.

விவசாய அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. இரண்டு கிணறுகளில் 5 குதிரைத் திறன் கொண்ட மோட்டார்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு நீரை இறைக்கின்றனவா? கிணற்றின் ஆழம், குழாயின் விட்டம், பம்பின் தரம் ஆகியவற்றைப் பொறுத்து நீரின் அளவு மாறுகிறது. மோட்டாரின் தகட்டில் உள்ள எண் வாய்க்காலில் ஓடும் நீரைக் காட்டாது. அவ்வாறே வாட் எண்ணும் முடிந்த வேலையைக் காட்டாது.

2. இரு செயலிகளின் விவரம்

செலரான் என்-4020, 2019-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. என்-100, 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. முன்னதில் இரண்டு கோர்கள் உண்டு, பின்னதில் நான்கு. கோர் என்பது தனித்து வேலை செய்யவல்ல ஒரு பகுதி. ஒரு கொட்டகையில் உள்ள ஒரு தறி என்று கொள்ளலாம். முன்னதன் உச்ச வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், பின்னதன் உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். முன்னதில் 4 மெகாபைட் கேஷ் நினைவகம். பின்னதில் 6 மெகாபைட். முன்னது அதிகபட்சமாக 8 ஜிகாபைட் ராம் நினைவகத்தையும், பின்னது 16 ஜிகாபைட்டையும் ஏற்கும் என்று தயாரிப்பாளர் குறிக்கிறார்.

பழையது மிஞ்சி நிற்கும் ஓர் இனமும் உண்டு. நினைவகத்துக்குச் செல்லும் வழிகள் என்-4020-இல் இரண்டு; என்-100-இல் ஒன்றே. இதை மட்டும் படிப்பவர் பழையதே மேல் என்று எண்ணக்கூடும். ஆனால் புதியதன் ஒரு வழியில் வேகமான புதிய வகை நினைவகத்தை இணைக்க முடிகிறது. ஆகவே தனித்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது தவறு.

3. நாடா ஓட்டமும் நெய்த துணியும்

ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு 100 கோடி துடிப்புகள். 2.8-க்கும் 3.4-க்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அவ்வாறாயின் புதிய செயலியின் ஒரு கோர், பழையதன் ஒரு கோரைவிட ஐந்தில் ஒரு பங்குதான் விரைவாக வேலை செய்யுமா?

நாடா எத்தனை முறை ஓடிற்று என்பதைக் கொண்டு மட்டும் நெய்த துணியை அளக்க முடியாது. ஒவ்வோர் ஓட்டத்திலும் எத்தனை அகலத் துணி நெய்யப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். செயலியிலும் அப்படியே. பழைய செயலியின் கோர் ஒரு துடிப்பில் மூன்று கட்டளைகள் வரை பிரித்துப் படிக்கவல்லது. புதியதன் கோர், மும்மூன்றாக இரு பிரிவுகளில் ஆறு வரை படிக்கவல்லது. ஆகவே துடிப்பின் வேகம் சிறிதே கூடியிருந்தாலும், ஒவ்வொரு துடிப்பிலும் முடியும் வேலை கூடியிருக்கிறது.

இதனாலேயே, உலகெங்கும் பலர் தம் கணிப்பொறிகளில் ஓட்டி முடிவுகளை அனுப்பும் பாஸ்மார்க் என்னும் சோதனையில், ஒரு கோரின் வேலையை மட்டும் அளக்கும்போது என்-100 ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் பெறுகிறது. எல்லாக் கோர்களும் சேர்ந்து செய்யும் வேலையை அளக்கும்போது மூன்று மடங்குக்கு மேல் பெறுகிறது. கோர்களின் எண்ணிக்கை இரு மடங்கு. ஒவ்வொரு கோரின் திறனும் ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டையும் பெருக்கினால் மூன்று மடங்குக்கு மேல் வருவது இயல்பே.

இவ்வளவும் அதே '6 வாட்' எழுத்தின் கீழ்!

4. நான்கு தறியும் ஒரு சேலையும்

எனினும், மூன்று மடங்கு என்ற கணக்கை அப்படியே நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிடலாகாது.

வீதியில் பாவு விரித்துக் கஞ்சியிடும்போது நான்கு பேர் கூடினால் வேலை விரைவில் முடிகிறது. ஆனால் ஒரு தறியில் ஒரு சேலையை நான்கு பேர் அமர்ந்து நெய்ய இயலாது. நான்கு தறிகள் இருப்பின் நான்கு சேலைகள் உருவாகும். ஒரு சேலை உருவாகும் காலம் குறையாது. கணிப்பொறியின் வேலையிலும் பங்கிடத்தக்க பகுதி உண்டு. பங்கிட முடியாத பகுதியும் உண்டு. பங்கிட முடியாத பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கிறது என்பதை ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்கப் பொறியியலார் 1967-இல் எடுத்துக்காட்டினார்.

ஒரு சிறு கணக்கால் இதை விளக்கலாம். ஒரே கோர் செய்தால் 100 நிமிடம் பிடிக்கும் ஒரு வேலையில் 60 நிமிடப் பகுதி பங்கிட முடியாதது என்று கொள்வோம். மீதி 40 நிமிடத்தை இரண்டு கோர்கள் பங்கிட்டால் 20 நிமிடம். மொத்தம் 80 நிமிடம். அதே திறனுள்ள நான்கு கோர்கள் பங்கிட்டால் 10 நிமிடம்; மொத்தம் 70 நிமிடம். கோர்கள் இரு மடங்காகியும் நேரம் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது.

எழுத்தர் ஒருவர் ரசீது போடும் வேலை, பெரும்பாலும் ஒரு தறியில் ஒரு சேலை நெய்வதைப் போன்றது. அங்கே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் திறனே முக்கியம். ஆண்டிறுதியில் ஐந்தொகை தயாராகும்போது பின்னால் நகலெடுப்பும் நடந்து, வைரஸ் தடுப்பும் ஓடி, மேலலுவலக வலைத்தளமும் திறந்திருந்தால், அப்போது நான்கு தறிகளுக்கும் வேலை உண்டு.

5. மின்சாரச் செலவின் உண்மைக் கணக்கு

மின்சாரத்தை அளக்கும்போது வாட்டை மட்டும் பார்க்கலாகாது. வாட்டை நேரத்தால் பெருக்க வேண்டும். விளங்கும்பொருட்டு எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு கணிப்பொறி 10 வாட் உண்டு 30 நிமிடத்தில் ஒரு வேலையை முடிக்கிறது. செலவு 5 வாட்-மணி. மற்றொன்று 18 வாட் உண்டு 10 நிமிடத்தில் அதே வேலையை முடிக்கிறது. செலவு 3 வாட்-மணி. மிகுதியாக உண்பதுபோல் தோன்றியது உண்மையில் சிக்கனமானது. விரைந்து முடித்து ஓய்வெடுக்கும் செயலி, மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும் செயலியைவிடக் குறைவாகச் செலவழிப்பது உண்டு. மின்தடை நேரத்தில் யு.பி.எஸ். பாட்டரியை நம்பி வேலை முடிக்க வேண்டிய சங்கங்களுக்கு இது முக்கியம்.

ஆனால் மின்கட்டணத்தைப் பெரிதாக எண்ணி மயங்கவும் வேண்டாம். ஒரு பெட்டி சராசரியாக 10 வாட்டும் மற்றொன்று 15 வாட்டும் உண்பதாகக் கொண்டு, நாளுக்கு 8 மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் என்று கணக்கிட்டால், முன்னதற்கு 2 யூனிட், பின்னதற்கு 3 யூனிட். வேறுபாடு மாதத்துக்கு ஒரே ஒரு யூனிட். 60 வாட் உண்ணும் பெரிய மேசைக் கணிப்பொறிக்கு அதே கணக்கில் 12 யூனிட் ஆகும். ஆகவே பெரியதை விட்டுச் சிறியதற்கு மாறுவதில் சிக்கனம் உண்டு. இரண்டு சிறியவற்றுக்கிடையே மின்கட்டணத்தைக் கொண்டு தீர்மானிப்பதற்கு ஒன்றுமில்லை.

அவற்றுக்கிடையே தீர்மானிக்க வேண்டியது நேரத்தைக் கொண்டு. கூலி நாளில் 120 நெசவாளர்கள் துணியுடன் வரிசையில் நிற்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவருக்கு அரை நிமிடம் தாமதமானால், கடைசியில் நிற்பவர் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரம் அவருடைய தறி சும்மா நிற்கிறது. இந்த நஷ்டம் சங்கத்தின் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் அங்கத்தினர் வீட்டில் ஏறுகிறது.

6. நேர்மையான சோதனை

அச்சங்கத்தின் குழுவினர் நம் யோசனையை ஏற்று, இரு விற்பனையாளர்களையும் தத்தம் பெட்டிகளுடன் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். முந்தைய ஆண்டுக் கணக்கின் நகலில் அங்கத்தினர் பெயர்களையும் வங்கி எண்களையும் நீக்கி, அதையே இரு பெட்டிகளிலும் ஏற்றினார்கள். செய்த வேலைகள் மூன்று: ஐம்பது கூலிச் சீட்டுகள் போடுதல், ஆண்டு இருப்புச் சோதனைப் பட்டி தயாரித்தல், அப்பட்டி தயாராகும்போதே கணக்கு முழுவதையும் நகலெடுத்தல். ஒவ்வொன்றையும் மும்முறை செய்து, நடுவில் நின்ற நேரத்தைக் குறித்தார்கள். சுவரில் செருகும் சிறு மின் அளவியைக் கொண்டு செலவையும் அளந்தார்கள்.

முதல் சுற்றில் என்-4020 எல்லா வேலைகளிலும் மிகவும் பின்தங்கியது. உறுப்பினர்கள் உடனே அதை ஒதுக்க முற்பட்டனர். நாம் தடுத்தோம். ஏனெனில் அப்பெட்டியில் ராம் 4 ஜிகாபைட், சேமிப்பு ஈ.எம்.எம்.சி. வகை. மற்றதில் ராம் 8 ஜிகாபைட், சேமிப்பு எஸ்.எஸ்.டி. வகை. ஒரு தறியில் நல்ல பாவும் மற்றொன்றில் இற்றுப்போன பாவும் ஏற்றிவிட்டு, நெசவாளரைக் குறை கூறுவதா? பழையதிலும் 8 ஜிகாபைட் ராமும் எஸ்.எஸ்.டி.யும் பொருத்த இடமிருந்தது. பொருத்தி மறுபடியும் சோதித்தபோது, கூலிச் சீட்டு வேலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. விரல்களின் வேகமும் அச்சிடும் இயந்திரத்தின் வேகமுமே அங்கு எல்லையாக நின்றன. ஆண்டுப் பட்டியில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பட்டியும் நகலெடுப்பும் சேர்ந்து நடந்தபோது என்-4020 திணறிற்று. எழுத்தர் வேறு பக்கத்தைத் திறக்கவும் காத்திருக்க நேர்ந்தது.

சோதனை முடிந்தபின் இரு பெட்டிகளிலிருந்தும் கணக்கு நகல் முற்றிலும் அழிக்கப்பட்டது. இதை எந்தச் சங்கமும் மறக்கலாகாது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். விசிறியில்லாத பெட்டிகள் பஞ்சுத் தூசு மிகுந்த நெசவுச் சங்கங்களுக்கு ஏற்றவை; அடைபட அங்கு விசிறி இல்லை. ஆனால் சித்திரை வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில், வெப்பம் மிகும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகையால் ஐந்து நிமிடச் சோதனை போதாது. அரை மணி நேரம் தொடர்ந்து வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

7. குழுவின் தீர்மானம்

அன்று குழு எதையும் வாங்கவில்லை. இரு விலைப்புள்ளிகளையும் ரத்துச் செய்து, புதிய அறிவிப்பு வெளியிட்டது. முன் அறிவிப்பில் 'குறைந்த மின்சாரக் கணிப்பொறி, 6 வாட்' என்று மட்டும் இருந்தது. புதியதில் ராம் அளவு, சேமிப்பின் வகை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றுடன், 'சங்கத்தின் மாதிரிக் கணக்கில் இன்ன வேலையை, நகலெடுப்பு நடக்கும்போதே, இத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்' என்ற வரையறையும் சேர்க்கப்பட்டது. செயலியின் பெயரோ கம்பெனியின் பெயரோ குறிக்கப்படவில்லை. வந்தவற்றுள் என்-100 கொண்ட பெட்டிகளே வரையறையை நிறைவு செய்தன. அவற்றுள் குறைந்த விலைக்குரியது வாங்கப்பட்டது. சோதனைக் குறிப்பு தீர்மானப் புத்தகத்தில் இணைக்கப்பட்டது. இனி எந்தத் தணிக்கையாளர் வந்தாலும், ஏன் இதை வாங்கினீர்கள் என்ற வினாவுக்கு விடை அப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அச்சங்கத்தின் கிளை விற்பனை நிலையத்தில் ஏற்கெனவே என்-4020 பொருத்திய கணிப்பொறி ஒன்று உண்டு. அதையும் மாற்றிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றோம். அங்கு நடப்பது ரசீது போடும் வேலை மட்டுமே. விண்டோஸ் 10-க்கு வழங்கப்பட்ட இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்ற போதிலும், விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் என்-4020-உம் இடம் பெற்றுள்ளது. ராமையும் சேமிப்பையும் சீர்செய்தால் அது இன்னும் உழைக்கும். செய்யும் வேலைக்குப் போதுமான கருவியை எறிந்துவிடுவதும் விரயமே.

கருத்து இதுவே. வாட், கிகாஹெர்ட்ஸ், கோர் என்னும் எண்கள் சிப்பத்தின்மேல் ஒட்டிய சீட்டுகள். அவற்றைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் வேலையை, நம் கணக்கை, ஒரே நிலையில் இரண்டிலும் ஏற்றிப் பார்த்த பிறகே விலையை ஒப்பிட வேண்டும். நூலைத் தறியில் ஏற்றிப் பார்த்து வாங்கிய நம் முன்னோர்க்கு இது புதிய பாடமன்று. கருவிதான் புதிது.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் கணிப்பொறி எந்த வேலையில் அதிகத் தாமதம் செய்கிறது? அத்தாமதத்துக்குக் காரணம் செயலியா, நினைவகமா, சேமிப்பா, இணையத் தொடர்பா, அச்சு இயந்திரமா?

2. 12 வாட் உண்டு 20 நிமிடத்தில் முடிக்கும் பெட்டி, 20 வாட் உண்டு 9 நிமிடத்தில் முடிக்கும் பெட்டி: ஒரு வேலைக்கு எது சிக்கனம்? கணக்கிட்டுக் காட்டுக.

3. சங்க வேலைகளில் பலர் பங்கிட்டுச் செய்யத்தக்கவை எவை, ஒருவரே செய்ய வேண்டியவை எவை?

4. கடைசியாக நம் சங்கம் வெளியிட்ட விலைப்புள்ளி அறிவிப்பை எடுத்துப் படியுங்கள். அதில் கேட்டது பொருளின் பெயரையா, அது செய்ய வேண்டிய வேலையையா?